அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிட்ட கோடை

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சொந்த வீட்டில் பிறந்து சொந்த வீட்டிலேயே வளர்ந்த புண்ணியவான்கள் இதைப் படிக்காமல் அடுத்த பக்கம் போய்விடலாம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அன்றைய மெட்ராஸில் வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. சொந்த ஊர் எது, என்ன உத்தியோகம், கறி மீன் உண்டா, ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்களா என்று போய், கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்: குழந்தைகள் எத்தனை?

எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினொன்று. கோடம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் ஆறு குடித்தனம் இருந்த காம்பவுண்டில் நாங்கள் ஒரு குடித்தனம். ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு. அம்மா குடம் குடமாக அடித்துச் சுமந்து, ஒரு நாள் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். குழாயில் தண்ணீர் வருகிற வீடாகப் பார்த்துவிடுவது என்று அன்றைக்குத்தான் அப்பா கிளம்பினார். அவருக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. ஆபீஸ் விட்டதும் தினமும் அலைவார். இரண்டு குழந்தைகள் என்றால் யோசிப்பார்கள், இரண்டும் பையன்கள் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி போர்ஷன் காலியாக இருப்பதாக வீட்டு புரோக்கர் வந்து சொன்னார். மாடியிலேயே குழாய், மாடியிலேயே கக்கூஸ், தென்கிழக்குக் காற்று. ஆனால் வீட்டுக்காரர் ஒரு குழந்தைக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார். முன்னால் இருந்த குடித்தனத்தில் மூன்று பையன்களாம். மூன்றும் சேர்ந்து அவருடைய மதியத் தூக்கத்தையும் தோட்டத்தையும் துவம்சம் செய்துவிட்டுப் போயிருந்தன.

"ஒண்ணுன்னு சொல்லு சார், இன்னா இப்போ? மீதிய அப்பால பாத்துக்கலாம்" என்றார் புரோக்கர்.

அப்பா ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தார்.

எந்த ஒன்று என்று நீங்கள் கேட்பீர்கள். வீடு பார்க்கப் போன அன்று அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன். நான் அம்மாவோடு மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். நான் போயிருந்து அண்ணன் மில்லுக்குப் போயிருந்தால் அவன் இல்லாதவனாகி இருப்பான். இதை எத்தனையோ வருஷம் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாழாய்ப்போன மாவு, மறுநாள் அரைத்தால் ஆகாதா?

"ஸ்கூல் தொறக்கற வரைக்கும்தான். ரெண்டு மாசம் நம்மளப் பாத்துப் பழகிட்டாங்கன்னா, அப்புறம் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம்" என்று அம்மாவைச் சமாதானம் செய்தார் அப்பா. அம்மா குழாயை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

சாமான்கள் ஒரு மீன்பாடி வண்டியில் போயின. என்னைக் கோடம்பாக்கத்தில் அதே சந்தில் இருந்த அம்மாவின் தம்பி வீட்டில் ஒரு வாரம் விட்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஒற்றை அறைதான், அதற்குமேல் அங்கே இருக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற இரண்டு மணிக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவி மாமியும் அயர்ந்து தூங்கும் நேரம் அது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டு மாடிப்படியில் பூனை மாதிரி ஏறினோம். எனக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. அன்றைக்கு ஒரு நாள்தான்.

மறுநாளே சட்டதிட்டங்கள் ஆரம்பித்தன. ஜன்னல் பக்கம் தலை காட்டக் கூடாது. வாசலில் ஒரே ஒரு ஜோடி சின்னச் செருப்புதான் கிடக்கலாம். கொடியில் என் சட்டையும் அண்ணன் சட்டையும் ஒரே நாளில் காயக் கூடாது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை நடைதான். அண்ணன் கீழே விளையாடும்போது மாடியில் சின்னக் கால் நடக்கிற சத்தம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அவன் வெளியே இருக்கும்போதெல்லாம் நான் நடக்கக் கூடாது. அம்மா ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்துக் கொடுத்தாள். அதில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றித் தேய்த்துக்கொண்டே அறைக்கு அறை போவேன். கக்கூஸ் போனாலும் அண்ணன் வரும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. சிரிக்காதீர்கள்.

அந்த மொசைக் தரையை எனக்குத் தெரிந்த அளவு அதைப் போட்ட கொத்தனாருக்குக்கூடத் தெரிந்திருக்காது. அடுப்படி வாசலில் ஒரு கறுப்புக் கல் ஆமை போல இருக்கும். முன் அறையில் தரை குளிர்ச்சி, பின் அறையில் மூன்று மணிக்கு மேல் சுடும். காலையில் கீழேயிருந்து காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வரும். பத்து மணிக்கு மாமி அம்மியில் அரைப்பாள். சாயங்காலம் தெருவில் பையன்களோடு அண்ணன் கத்துவது கேட்கும். அவன் குரல் மட்டும் எனக்குத் தனியாகப் பிரிந்து கேட்கும்.

என்னிடம் ஒரு பவுடர் டப்பா நிறைய பிலிம் துண்டுகள் இருந்தன. கோடம்பாக்கத்துப் பையன்களுக்குத் தெரியும், ஸ்டூடியோ குப்பையில் கிண்டினால் கிடைக்கும். சாத்திய ஜன்னலின் இடுக்கில் வருகிற வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு துண்டில் ஒரு பெண் பாதி வாயைத் திறந்தபடி நிற்பாள். என்ன சொல்ல வந்தாள் என்று தினமும் ஒரு வசனம் வைத்துப் பார்ப்பேன். அந்த டப்பா பின்னால் வீடு மாற்றும்போது எங்கோ தொலைந்துவிட்டது. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

பதினாறு நாள் இப்படிப் போயிற்று. பதினேழாம் நாள் அம்மா வெளியே பூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். உள்ளே யாரும் இல்லை என்றுதானே உலகத்துக்குக் கணக்கு? எனக்குத் தாகம். சாக்கில் தேய்த்துக்கொண்டே போய், உட்கார்ந்தபடியே பானையிலிருந்து சொம்பில் மொண்டேன். ஈரக்கை. பித்தளைச் சொம்பு நழுவி விழுந்து, டணார் என்று அடித்து, அடுப்படியிலிருந்து முன் அறைவரை உருண்டுகொண்டே போயிற்று.

கீழே வீட்டுக்காரர் அண்ணனைப் பிடித்துப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"மேல யார்றா?"

"யாருமில்ல மாமா."

"யாருமில்லாம சொம்பு தானா உருள்றதோ?"

படியேறி வந்தார். பூட்டைப் பார்த்தார். ஜன்னலைத் தள்ளித் திறந்தார். சட்டை முழுக்க நனைந்து, கோணிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"யார்றா நீ?"

எப்படி ஒளிவது என்று எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாராவது வரட்டும் என்று காத்திருந்தார்.

முதலில் வந்தவர் அப்பா. கையில் டிபன் கேரியர்.

"ஓய், பூட்டின ஆத்துக்குள்ள ஒரு பையன் இருக்கான். யாரிது?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது பயமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அப்பாடா, முடிந்தது என்றுதான் இருந்தது. இனிமேல் ஓடலாம், தெருவில் கத்தலாம். அப்பா வாயைத் திறக்க நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன் பையன் சார்" என்றார் அப்பா. "லீவுக்கு வந்திருக்கான்."

அப்பாவுக்கு அண்ணன் ஒருவர் இருந்தது உண்மை. அவர் பம்பாயில் இருந்தார், பையனும் இருந்தான். பாதி உண்மையை மாதிரி உதவுகிற பொய் வேறு கிடையாது. வீட்டுக்காரர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொழந்தையைப் பூட்டி வெச்சுட்டுப் போவாளா யாராவது?" என்று திட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்றைக்கு ராத்திரி அப்பா என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். "இனிமே நீ கீழ போலாம், ஓடலாம், ஆடலாம். ஒண்ணே ஒண்ணுதான். என்னை சித்தப்பான்னு கூப்புடு. அம்மாவ சித்தின்னு கூப்புடு. வீட்டுக்குள்ளயும் அப்படியே பழகிக்க. இல்லேன்னா வாய் தவறிடும்."

"இன்னாங்க அக்கிரமம் இது? பெத்த புள்ள கிட்ட போயி" என்றாள் அம்மா.

"ஸ்கூல் தொறக்கற வரைக்கும்தானே."

வீட்டுக்குள்ளேயும் பழகிக்கொள் என்று சொன்னாரே, அதுதான் அவர் செய்த தப்பு. வெளியில் சொன்ன பொய்யை வாசலோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா எதையும் திருத்தமாகச் செய்கிற மனிதர், இதையும் திருத்தமாகச் செய்தார். ஒருமுறை சோறு போடும்போது நான் மறந்துபோய் அப்பா என்றேன். அவர் திரும்பவில்லை. சித்தப்பா என்ற பிறகுதான் என்ன என்று கேட்டார். அண்ணனும் நானும் அதைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு நான் மட்டும் நிறுத்திவிட்டேன்.

வாசலில் கீரை விற்க வருகிற அம்மாள் ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்தாள். "இன்னா நைனா, அப்டியே ஒங்கப்பன உரிச்சு வச்சா மாதிரி கீது மூஞ்சி! மாடி வூட்டு சார் புள்ளதான நீ?" என்றாள். நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவரோட அண்ணா பிள்ளை. ஜாடை இருக்காதா பின்னே?" என்றாள் மாமி.

"அண்ணன் புள்ளையா? தோ, அந்தக் காதப் பாரேன்" என்று கீரைக்காரம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினாள். அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் குரல் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இருக்கும்.

லீவுக்கு வந்த பையன் எப்போது ஊருக்குப் போவான் என்று வீட்டுக்காரர் கேட்க ஆரம்பித்தார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் வேண்டுமே. அப்பா குரலைத் தாழ்த்தி, "தாயில்லாப் புள்ள சார். அனுப்ப மனசு வரல" என்றார். அம்மாவுக்கு இது தெரியாது.

அதற்குப் பிறகு மாமி என்மேல் பாசமழை பொழிந்துவிட்டாள். "வாடா கொழந்தே" என்று கூப்பிட்டு ரவா லாடு கொடுப்பாள். தலையில் எண்ணெய் வைத்துவிடுவாள். ஒரு நாள் துணி காயப்போட வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்லாத கொழந்தையைப் பெத்தவளுக்கு மேல பாத்துக்கறேளே. இந்தக் காலத்துல யார் செய்வா? ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே வந்து கதவைச் சாத்தினாள். பக்கெட்டை அப்படியே எட்டி உதைத்தாள். குழாய்த் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அப்பா வந்ததும், "என்னையே சாகடிச்சிட்டியா?" என்று கேட்டாள். வாங்க போங்க என்று மட்டுமே அவரிடம் பேசுகிறவள் அவள். அப்பா ஈரத்தில் நின்றார். ஸ்கூல் திறக்கிற வரைக்கும் என்றுகூடச் சொல்லவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் பதினொரு வயது. தெருப் பையன்களிடம் என்னைப் பெரியப்பா பையன் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அது பாதி நிஜமாகிவிட்டது. ஒரு நாள் கோலி விளையாட்டில் சண்டை வந்தது. எல்லோர் முன்னாலும், "உங்க வீட்டுக்குப் போடா. இது எங்க வீடு" என்றான். போவதற்கு எனக்கு வேறு எந்த வீடும் இல்லை. நான் மாடிக்குப் போய், வேண்டுமென்றே அந்தக் கோணிச் சாக்கை எடுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்து கேட்டதற்குச் சும்மா என்றேன்.

ஜூன் வந்தது. இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போனார். அண்ணனை முந்தின நாளே வேறு ஒரு ஹைஸ்கூலில் சேர்த்தாயிற்று. புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. ஆபீஸ் அறையில் பழைய காகித வாசனையும் மை வாசனையும். கிளார்க் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், பையன்களிடம் பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "யாரோடடா வந்திருக்க?" என்றார்.

"சித்தப்பாவோட சார்."

பழக்கத்தில் வந்ததா, பழிவாங்க வந்ததா? இந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டேன். இரண்டும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

கிளார்க் பேனாவை வைத்துவிட்டார். "சித்தப்பாவா? அப்பாவ வரச்சொல்லுங்க சார். அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"நான்தான் சார் அப்பா."

"பையன் சித்தப்பாங்கறான்?"

அப்பா சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. கிளார்க் எழுந்து போய்த் தலைமையாசிரியை அம்மாவைக் கூட்டிவந்தார். அவர் குனிந்து என் தோளில் கைவைத்து, "பயப்படாம சொல்லு. இவர் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு ஜன்னலுக்கு உள்ளே நான் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே, அதே மாதிரி. நான் சொல்லவில்லை.

கடைசியில் பையிலிருந்த ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். அதில் நாலு பேரும் இருந்தோம். அதை வைத்துத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அங்கே வந்ததும், "வேணும்னே சொன்னியாடா?" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தும் ஏறாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். மாடிக்குப் போகவில்லை. நேராகக் கீழ்வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சார், இவன் என் புள்ள. ரெண்டாவது புள்ள. வீட்டுக்காக அப்படிச் சொல்லிட்டேன். இவங்கம்மா உயிரோடதான் இருக்கா, மாடியில இருக்காளே அவதான். மன்னிச்சிடுங்க."

"ரெண்டுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேனோ மாட்டேனோ, அது வேற. பெத்த பிள்ளையையே இல்லேன்னு சொல்லத் துணிஞ்சவர் நீர். நாளைக்கு எதைத்தான் இல்லேன்னு சொல்லமாட்டீர்? ஒரு மாசத்துல வேற ஆம் பாத்துக்கும்" என்றார் வீட்டுக்காரர். மாமி உள்ளேயிருந்து வந்து என்னை ஒரு தடவை பார்த்தாள், அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு பேசவே இல்லை.

அடுத்த மாதம் தி. நகரில் ஒரு சந்துக்குள் போனோம். அங்கேயும் அடிபம்புதான். அம்மா மறுபடியும் குடம் தூக்கினாள். அப்பா அவளுக்கு முன்னால் எழுந்து பாதிக் குடங்களை அடித்துவைப்பார். "பழையபடி அப்பான்னு கூப்புடுடா, பாவம்டா அவரு" என்று அம்மா சொன்னாள். அவளை அம்மா என்று கூப்பிட எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, மறுநாளே வந்துவிட்டது. அப்பா என்ற சொல் மட்டும் வரவில்லை. கோபம் எல்லாம் ஒரு வருஷத்திலேயே போய்விட்டது, நம்புங்கள். ஆனால் அந்தச் சொல்லை எடுக்கப் போனால் நாக்கு கூசும். சாப்பிட வரீங்களா, இந்தாங்க, கொஞ்சம் வரீங்களா என்று மொட்டையாகவே காலத்தை ஓட்டினேன். என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பேர் இருந்தது. என் வாயில் இல்லை.

அம்மா போய்விட்டாள். அப்பா இப்போது அடையாறில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறேன்.

"யாரு?" என்பார்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

என் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும். செல்லில் என் பேரும் போட்டோவும் வரும், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் எடுக்கிறார் என்று அண்ணி சொன்னாள். ஆனாலும் கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார், மூச்சு மட்டும் கேட்கும். நான் சின்னவன் என்பேன். ம், சாப்பிட்டியா என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். எண்பத்தாறு வயது. இன்னும் எத்தனை ஞாயிறு கேட்பாரோ தெரியாது. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் காத்திருந்தார். வாயைத் திறந்தேன். சின்னவன் என்றுதான் வந்தது.